பூஜையில் ஏறிய சரித்திரம்

புத்தக அட்டைக்கு நட்டநடுவில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள், அதன்மேல் குங்குமமும். பொரி, கடலை, வெள்ளைப் பூசணி, இரண்டு வாழைக்கன்று என்று ஆயுதபூஜைச் சந்தையையே தோளில் தூக்கிக்கொண்டு காலையில் மூன்று மாடி ஏறி வந்த வன்மீகநாதன் கண்ணில் முதலில் பட்டது அதுதான். "வெச்சுட்டியா?" என்று மட்டும் கேட்டார். "ம்" என்றாள் நீலா. அதோடு சரி. இந்த வீட்டில் பேச்சு அவ்வளவு தூரம்தான் நீளும். அவர் வாழைக்கன்றை வாசல் கதவில் கட்டப் போய்விட்டார். இப்போது பூஜை முடிந்து, வடை பாயசத்தோடு சாப்பாடும் முடிந்து, நீலா உள்ளறையில் தலையைச் சாய்த்தாயிற்று. அவர் கூடத்து சோபாவில் உட்கார்ந்து எதிரே இருந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மணைப்பலகை, அதன்மேல் மடித்த அரக்குப் பட்டு, அதன்மேல் புத்தகங்கள். யார் வீட்டு அடுக்கானாலும் அன்றைக்கு ஒரு சமத்துவம் வந்துவிடும். கேஸ் புத்தகம், பேங்க் பாஸ்புக், பஞ்சாங்கம், அவர் உத்தியோகம் பார்த்த காலத்து மின்வாரிய விதிமுறைகள், மேல்வீட்டுப் பெண் விடிந்ததும் விடியாததுமாக ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போன கணக்குப் புத்தகம், எல்லாம் ஒன்றன் முதுகில் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் உறை கழற்றாத தம்புரா. அடுக்கில் கீழிருந்து இரண்டாவதாக ஆத்தியூர் பரமகுருவின் சரித்திரம். பொட்டு இப்போது தெரியவில்லை, மேலே ஏறியவை மறைத்துவிட்டன. பழுப்பேறிய துணி முதுகு மட்டும் தெரிந்தது. நாளைக் காலை மறுபூஜை செய்து கலைக்கிறவரை அதில் ஒன்றைத் தொடக்கூடாது, ஒரு வரி படிக்கக்கூடாது. பேப்பர்காரன் போட்ட பேப்பரைக்கூட நீலா பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிடுவாள். ஃபிரிட்ஜுக்கும் பொட்டு. மிக்சிக்கும் பொட்டு. மின்வாரியக்காரர் வீடு என்பதால் மீட்டர் பெட்டிக்கு மட்டும் இரண்டு பொட்டு. அதெல்லாம் போகட்டும், துடைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் புத்தகம் அவருடையதில்லை. சாயங்காலம் அதை வாங்கிக்கொண்டு போக ஆள் வருகிறது. அதற்குள் அவர் கடைசி அத்தியாயத்தைப் படித்தாக வேண்டும்.

நூற்றெட்டுப் பிரதிதான் அச்சடித்தார்கள். எழுதியவர் மாசிலாமணி என்று ஒருவர், பரமகுருவின் தம்புராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன சிஷ்யர். குரு போய் வெகுகாலம் கழித்துச் சொந்த நிலத்தை விற்று, கும்பகோணத்தில் ஏதோ ஓர் அச்சாபீசில் போட்டார். நூற்றெட்டாவது படி முடிந்ததும், அச்சுக்குக் கோத்த எழுத்தையெல்லாம் தன் கண்ணெதிரிலேயே பிரித்துப் போடச் சொன்னாராம். இதற்கு மேல் வேண்டுமென்பவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று முன்னுரையில் ஒரு வரி. பச்சை மசியில் தன் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, யாருக்கு என்று பெயரும் எழுதி, வண்டி வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அப்படிக் கொடுத்தவை கரையானுக்கும் காவேரி வெள்ளத்துக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போனது போக, ஒன்று ஏதோ மடத்தில் பூட்டிக் கிடக்கிறது, இன்னொன்று யாரோ ஒரு ஜமீன் வாரிசு வைத்துக்கொண்டு காட்டமாட்டேன் என்கிறார் என்று வதந்தியாகத்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது. வன்மீகநாதனுக்குச் சங்கீதம் தெரியாது, சங்கீதக்காரியைத்தான் தெரியும் என்று சபாக்காரர்கள் அவரைக் கிண்டல் செய்வதுண்டு. உண்மைதான். நீலாயதாட்சியின் கச்சேரித் தேதிகளை டைரியில் குறிப்பது, வெந்நீர் ஃபிளாஸ்க்கைத் தூக்குவது, தாளம் தப்பாமல் தலையாட்டுவது, அவர் சங்கீதம் இவ்வளவுதான். அப்படிப்பட்டவர் ஒரு பழைய சாகித்யகர்த்தாவின் சரித்திரத்துக்காகத் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் ஏன் இப்படிப் பேயாக அலைகிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்றுதான் அவரும் இருந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், வயசான வயலின்காரர், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே சொன்ன சங்கதிதான் காரணம். பரமகுருவுக்கு ஒரே மகள், பதினேழு வயசில் போய்விட்டாள், அன்றோடு மனுஷர் வாயை மூடினார், வருஷக்கணக்காக ஸ்வரம் என்று ஒன்று வாயிலிருந்து வரவில்லை. அப்புறம் திடீரென்று ஒருநாள் ஆஹிரி ராகத்தில் ஒரு கீர்த்தனம் பாடினார். ஆஹிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பார்கள், அதைத்தான் பாடினார். எதனால் பாடினார், என்ன நடந்தது என்பதெல்லாம் மாசிலாமணி எழுதிய புத்தகத்தில்தான் இருக்கிறது, வேறெங்கும் கிடையாது. வயலின்காரர் மோர் வாங்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். வன்மீகநாதனுக்கு அதன்பிறகு மோர் இறங்கவில்லை. நாலு இலை தள்ளி நீலா உட்கார்ந்து, யாரோ சொன்னதற்கு மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டை நிறுத்தியும் அப்போதே இரண்டு வருஷமாகியிருந்தது.

சரி, நேற்று ராத்திரி ஏன் படிக்கவில்லை? இந்தக் கேள்வி மத்தியானத்திலிருந்து ஈ மாதிரி சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. நேற்று பொழுது சாய்ந்ததும் பல் டாக்டர் மனோன்மணி வீட்டிலிருந்து வாங்கி வந்தாயிற்று. மாமனாரின் பரணைச் சுத்தம் பண்ணியபோது கிடைத்ததாம். "ஒரு நாள்தான் சார். நாளைக்கு என் தம்பி கதிரேசன் பெங்களூர் போறான், அங்க ஒரு நூலகத்துக்குப் பேசி முடிச்சாச்சு. கை மட்டும் சுத்தமா வெச்சுக்குங்க." அவர் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி, துண்டில் துடைத்து, வேட்டியிலும் துடைத்து, மடியில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். நேரே கடைசி அத்தியாயத்தைப் புரட்டியிருக்கலாம். யார் தடுத்தார்கள்? விதிமுறைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தே பழகிய புத்தி, பரமகுருவின் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் குடி பெயர்ந்தார் என்பதிலிருந்து ஆரம்பித்தது. தாத்தா பேர் தெரியாதவர் ஊரான் கொள்ளுத்தாத்தாவைப் படித்தார். உபநயனம், குருகுலம், முதல் வர்ணம் என்று ஒவ்வொன்றாக நகர்ந்து, மகள் பிறந்த பக்கத்துக்கு வந்ததும் மூடி வைத்துவிட்டார். நாளைக்குக் காலையில் குளித்துவிட்டு, தெளிவாகப் படிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெளிவாவது மண்ணாவது. பயம். அத்தனை வருஷம் தேடிய மருந்து கையில் கிடைத்ததும், இதுவும் கேட்காமல் போனால் என்ன செய்வோம் என்ற பயம். தேடிக்கொண்டிருக்கிறவரை மருந்து இருக்கிறது. குப்பியைத் திறந்து பார்த்துவிட்டால் அப்புறம் தேடுவதற்கும் ஒன்றும் இல்லை. ஏதாவது ஒரு கோயில் என்று எழுதியிருந்தால் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு சாமியார், ஒரு சொப்பனம், யாரோ ஒரு குழந்தை வந்து பாட்டுக் கேட்டது என்று இருந்தால் அதற்கும் ஏதாவது வழி பார்க்கலாம். அவரும் சும்மா இருந்துவிடவில்லை. ரேடியோவை வேண்டுமென்றே சத்தமாக வைத்துப் பார்த்தார். அவள் கேட்டாள், ஒரு சங்கதியில் புருவம்கூட ஏறியது, எழுந்து காப்பி போடப் போய்விட்டாள். பாட்டுச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்துத் தெருப் பெண்ணை அழைத்துவந்தார். அந்தப் பெண்ணுக்கு முறுக்குக் கொடுத்து, வேறு வாத்தியார் விலாசமும் கொடுத்து அனுப்பிவைத்தாள். ஆற்றங்கரை உற்சவம், மலைக்கோட்டை, திருவாரூர்த் தேர், எங்கே கூட்டிப்போனாலும் மாட்டேன் என்று சொல்லாமல் வந்தாள், கும்பிட்டாள், திரும்பினாள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது. அவள் நன்றாகத்தான் சமைத்தாள், நன்றாகத்தான் தூங்கினாள், அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தாள். பாடவில்லை, அவ்வளவுதான். கதவுக்கு வெளியே நிற்கிறவன் கதவைத் தட்டாமல் சாவி தேடிக்கொண்டே இருந்ததுபோல அவர் வருஷங்களைக் கழித்தார்.

மேல்வீட்டில் யாரோ சைக்கிளை உருட்டினார்கள். கீழே தெருவில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அந்த ஹாரனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அவர் மனசு எதைச் சாக்காக வைத்தாவது அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குப் போய்விடும். மார்கழி மாதம். மகள் சாருமதி சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், கச்சேரி சீசனுக்கு நீலாவும் அவரும் அவள் எடுத்திருந்த வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். காய்ச்சல். நாலு நாள் காய்ச்சல் எந்த வீட்டில் வராமல் இருக்கிறது? ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள், "அம்மா, நீ போய்ப் பாடிட்டு வா. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?" அவரும் சொன்னார், போய்விட்டு வா, அப்பா நான் இருக்கிறேனே என்று. சாயங்காலக் கச்சேரி, பெரிய சபா, பல வருஷம் காத்திருந்து கிடைத்த நேரம். நீலா மாம்பழக்கலர்ப் பட்டு கட்டிக்கொண்டு, மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் எப்படி நடந்தது என்று அவரால் வரிசையாக நினைக்க முடிவதில்லை. நர்சுகள் ஓடினார்கள். அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஒரு டாக்டர், ரொம்ப இளம் வயசு, வந்து கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் செல்போனைப் பார்த்தால் மேலே இருந்தது சபா செகரட்டரியின் நம்பர், காலையில் கார் அனுப்பச் சொல்லிப் பேசியிருந்தார். அதைத்தான் அழுத்தினார். செகரட்டரி நல்ல மனுஷர், குரல் நடுங்கிற்று. "கச்சேரியை நிறுத்திடட்டுமா சார்?" பின்னால் கைதட்டல் கேட்டது, எதையோ பாடி முடித்திருந்தாள். "வேண்டாம், மங்களம் பாடட்டும்" என்றார் வன்மீகநாதன். மங்களம் பாடாமல் கச்சேரியை நிறுத்துவது ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்காகவா சொன்னார்? இன்னும் ஒரு மணி நேரம் அவள் மகள் உயிரோடிருக்கிற தாயாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். அப்படித்தான் நினைத்தார். நினைத்தாரா? நினைத்ததாக அப்புறம் சேர்த்துக்கொண்டாரா? அந்தக் கைதட்டலைக் கேட்டதும் உள்ளே ஏதோ ஒன்று, தேதி குறிக்கிற டைரிக்காரன் ஒருவன், நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறதே என்று ஒரு கணம் கணக்குப் போட்டானே, அவன்தான் வாயைத் திறந்து பேசினானா? இந்த இடத்தில்தான் எப்போதும் நூல் சிக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் இழுத்தாலும் முடிச்சு இறுகும். மங்களம் பாடட்டும். சபா காரில் நீலா வந்து இறங்கினாள், தலையில் பூ அப்படியே இருந்தது, யாரையும் எதுவும் கேட்காமல் நேரே அந்த அறைக்குள் போனாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவள் பாடாமலிருப்பதே அதற்கான பதில் என்று அவர் எடுத்துக்கொண்டார். தண்டனை என்றால் தண்டனை. ஆனால் அவளுக்கு எதற்குத் தண்டனை, நிறுத்தச் சொல்லாதது நான்தானே?

உள்ளறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் சீராக வந்தது. தூங்கிவிட்டாள். வன்மீகநாதன் எழுந்தார். அறுபத்தெட்டு வயசில், சொந்த வீட்டில், பட்டப்பகலில் பூனை நடை நடப்பதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது. அடுக்குக்கு முன்னால் மண்டியிட்டார், முழங்கால் சொடுக்கியது, மூச்சை அடக்கிக்கொண்டார். விளக்கில் எண்ணெய் பாதிக்கு இருந்தது. கற்பூரமும் சாம்பிராணியும் வாழைப்பழமும் கலந்த வாசனை, அதோடு சுண்டல் பெருங்காயம். சரஸ்வதி படத்தை நிமிர்ந்து பார்க்காமல் புத்தகத்தின் முதுகில் இரண்டு விரலை வைத்தார். தாயே, உன் வீணையை யாராவது ஒளித்து வைத்தால் நீ சும்மா இருப்பாயா என்று மனசுக்குள் ஒரு வாதம்கூடத் தயாராகிவிட்டது. மெதுவாக இழுத்தார். அரை விரற்கடை வந்தது. மேலே இருந்த விதிமுறைப் புத்தகம், உத்தியோகத்திலிருந்த காலத்தில் எத்தனையோ பேரை அவர் மறித்த புத்தகம், இப்போது அவரையே மறித்துக்கொண்டு கனமாக உட்கார்ந்திருந்தது. இன்னும் இழுத்தார். அடுக்கு ஒருபக்கம் சாய்ந்தது. உச்சியிலிருந்த செவ்வரளிப் பூ உருண்டு அவர் கைமேல் விழுந்தது. துணி அட்டை பாதி வெளியே வந்திருந்தது, நடுவில் சந்தனத்தின் ஈரம் உறிஞ்சி ஒரு வளையம் கருத்திருந்தது. கை சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்களே, சந்தனத்தை அப்பியாயிற்றே.

"என்னங்க பண்றீங்க?" உள்ளேயிருந்துதான் குரல் வந்தது. எழுந்து வரவில்லை.

"ஒண்ணுமில்ல. விளக்கு அணையற மாதிரி இருந்துச்சு."

"எண்ணெய் இருக்கே."

"இருக்கு இருக்கு. பார்த்தேன்."

பூவைத் திரும்ப உச்சியில் வைத்துவிட்டு, அடுக்கை உள்ளங்கையால் நேராக்கி, திருடன் மாதிரி சோபாவுக்குத் திரும்பினார். கேட்டிருக்கலாம். நீலா, அதை எடுத்துக்கொடு, எனக்கு இப்போது படிக்க வேண்டும் என்று நாலு வார்த்தை. ஏன் என்று அவள் கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். பரமகுருவின் மகளைச் சொல்ல வேண்டும். அந்த மகளைச் சொன்னால் சாருமதி வந்துவிடுவாள், சாருமதி வந்தால் அந்தத் தாழ்வாரம் வரும், தாழ்வாரம் வந்தால் மங்களம் வரும். ஒரு புத்தகத்தை எடுத்துத் தரச் சொல்வது எவ்வளவு தூரம் போய் நிற்கிறது பாருங்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதில் இந்த வீட்டில் யாருக்கு யார் இளைத்தவர்? அவளாவது பாட்டைத்தான் நிறுத்தினாள். அவர் எதை நிறுத்தினார் என்று ஒரு ரசிகரும் கேட்கவில்லை. வெயில் ஜன்னல் கம்பி வழியாக இறங்கித் தரையில் நகர்ந்து தம்புராக் குடத்தைத் தொட்டது. வருஷத்துக்கு ஒரு தரம் இந்த நாளில் அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைப்பாள். தந்தி எதிலும் விரல் படாமல் துடைக்கிற அந்த லாவகத்தைப் பார்த்தால் அவருக்கு அழுகை வரும். போன வருஷம் வந்தது. தும்முவதுபோலச் சமாளித்தார். இந்த வருஷம் சந்தைக்குப் போய்விட்டதால் பார்க்கவில்லை. கண் செருகிக்கொண்டு வந்தது, வடையின் வேலை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மாசிலாமணி பச்சை மசிப் பேனாவோடு வந்து, உனக்கு இலக்கம் இல்லை, நூற்றெட்டும் தீர்ந்துபோயிற்று என்றார். அப்போது அழைப்பு மணி அடித்தது.

கதிரேசன் உள்ளே வரவில்லை. செருப்போடு வாசலிலேயே நின்றார். தோளில் பை, கையில் டிக்கெட், கீழே ஆட்டோ காத்திருக்கிறதாம். "தப்பா நினைக்காதீங்க சார், சீக்கிரம் வந்துட்டேன். பண்டிகை நாளு, ஸ்டேஷன்ல கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியலை." வன்மீகநாதன் அடுக்கைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். அது பூஜையில் இருக்கிறது, நாளைக்குத்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு ராத்திரி கிடைக்கும். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நீலா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வெளியே வந்து அடுக்கின் முன்னால் உட்கார்ந்தாள். மேலே இருந்தவற்றை மொத்தமாக இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். பரமகுருவை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தூக்கி வைத்ததைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். புத்தகத்தோடு ஒரு பொட்டலம் பொரியும் சேர்த்துக் கதிரேசன் கையில் கொடுத்தாள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. மத்தியானம் முழுக்க வன்மீகநாதன் ஏறமுடியாத மலை, அவளுக்கு வாசல்படி. கதிரேசன் அட்டையைப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார், மஞ்சள் இன்னும் கொஞ்சம் பரவியது.

"என்னங்க இது, பொட்டெல்லாம் வெச்சு... பெங்களூர்காரங்க பக்கம் பக்கமா போட்டோ அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்துட்டுத்தான் சரின்னாங்க. கறை இருந்தா பேசுவாங்களே."

"சரஸ்வதி பூஜையில இருந்ததுன்னு சொல்லுங்க," என்றாள் நீலா. "அங்கயும் இன்னைக்கு இதே பூஜைதான்."

கதிரேசன் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, பொரியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினார். ஆட்டோ கிளம்புகிற சத்தம் மூன்று மாடி ஏறி வந்தது. வன்மீகநாதன் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். அவருக்குக் கோபம் வந்தது. நீலாமீது கோபம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று, கோபப்படும் உரிமை தனக்கு இல்லை என்று இருந்தவர், இப்போது அவள் எதிரே போய் நின்றார்.

"இவ்வளவு சுளுவா எடுக்கலாம்னா மத்தியானமே எனக்கு எடுத்துக் குடுத்திருக்கலாமே நீலா. நான் அங்கயே பார்த்துட்டு உக்காந்திருந்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க கேக்கலையே."

"கேக்கலைன்னா? அந்தப் புத்தகத்துக்கு நான் எவ்வளவு நாளா..."

"அதுவும் தெரியும். எதுக்குத் தேடறீங்கன்னும் தெரியும்." அவள் இன்னும் அடுக்கின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், கலைந்த ஓரங்களைச் சேர்த்துக்கொண்டு. "காலையில நீங்க சந்தைக்குப் போனதும் நான் படிச்சேன். கடைசி அத்தியாயம். படிச்சிட்டுத்தான் பொட்டு வெச்சேன்."

அவர் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "என்ன போட்டிருக்கு?"

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க. பொண்ணு போனதும் வாயை மூடிக்கிட்டார். ஒருநாள் ஆத்துல குளிச்சிட்டு வந்தார், ஈரத்துணியோட உக்காந்து ஆஹிரி பாடினார். அவ்வளவுதான் இருக்கு."

"ஏன் பாடினாராம்?"

"அதைத்தான் எழுதலை. கூடவே இருந்தேன், தினமும் கால் பிடிச்சு விட்டேன், ஏன் நிறுத்தினீங்க, ஏன் பாடினீங்கன்னு ஒருநாளும் நான் கேக்கலை, கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ என்னவோன்னு எழுதி முடிச்சிருக்கார் அந்த மாசிலாமணி. அதுக்கப்புறம் வெறும் பக்கம்."

வன்மீகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. நூற்றெட்டுப் பிரதி அச்சடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்டு, வண்டி கட்டிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுத்தது இந்த ஒரு வரியைத்தானா? நிலத்தை விற்றாரே மனுஷர். கேட்கவில்லை என்று சொல்வதற்காகவா ஒருவன் நிலத்தை விற்பான்? விற்பான் என்று தோன்றியது. வன்மீகநாதனிடம் நிலமில்லை, அதனால்தான் ஊர் ஊராக அலைந்தார். கூடவே இருந்தேன். தினமும் இருந்தேன். கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் எத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தாள், இவன் தட்டுவான் என்று? இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்கமாட்டோம் என்று பயமாக இருந்தது, கேட்டுவிடுவோம் என்றும் பயமாக இருந்தது.

"நீ ஏன் நீலா பாடறதில்ல?"

அவள் விளக்குத் திரியைத் தூண்டினாள், விரலைத் தலைப்பில் துடைத்தாள்.

"மங்களம் பாடட்டும்னு நீங்கதான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். காரியம் எல்லாம் முடிஞ்சப்புறம் செகரட்டரி வந்து அழுதார். அதுக்காக இல்லை. நீங்க அப்படி நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, அதுக்காக இல்லவே இல்லை." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, உப்பு போதுமா என்று கேட்கிற குரல். "சஹானா ராகத்தை அப்பத்தான் எடுத்திருந்தேன். செகரட்டரி ஓரமா வந்து மிருதங்கக்காரர் காதுல குனிஞ்சார். மிருதங்கக்காரர் அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. எழுந்திருச்சு வந்திருக்கலாம். யார் என்ன சொல்லப் போறா? வரலை. மேல பாடினேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அன்னைக்கு வந்த சஹானா அதுக்கு முன்னாடி எனக்கு வந்ததே இல்லை. எத்தனை வருஷம் சாதகம் பண்ணியும் வராதது அன்னைக்கு வந்துச்சு. எனக்கே நல்லாருக்குன்னு இருந்துச்சு. பொண்ணு போயிட்டான்னு தெரிஞ்சு பாடறேன், நல்லாருக்குன்னும் இருக்கு. இனிமே வாயைத் திறந்தா அது மறுபடி வந்துடுமோன்னு பயமா இருக்கு. வராமலே போயிட்டா என்ன பண்றதுன்னும் பயமா இருக்கு. ரெண்டுல எது பெரிய பயம்னு எனக்கே தெரியலை."

வன்மீகநாதன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தான் சுமந்த பழி தன்னுடையது இல்லை என்று தெரிந்தும் அவருக்கு ஆறுதலாக இல்லை. அவள் சுமந்ததைப் பார்த்து அவருக்கு வலித்தது. அதைவிட ஒன்று உறைத்தது. அவள் வாழ்க்கையிலேயே பெரிய கச்சேரி அது, அதில் என்னென்ன பாடினாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. எல்லாத் தேதியும் குறித்தவர் அந்த ஒரு நாளைக் குறிக்கவில்லை. அவர் வேறிடத்தில் மகளோடு இருந்தார். அவர் மகளைப் பார்த்த கடைசி நேரம் அவளுக்குத் தெரியாது, அவள் பாடிய கடைசி நேரம் அவருக்குத் தெரியாது.

"அன்னைக்கு என்னென்ன பாடினே?" என்று கேட்டார். "எனக்குச் சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு. அப்புறம் சாரு என்ன பேசிட்டு இருந்தான்னு நான் சொல்றேன்."

நீலா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தோடி வர்ணத்துல ஆரம்பிச்சேன்," என்றாள்.